வாரிய வீட்டுக்காக ‘விடுதலை’ எழுதிக் கொடுக்கலாமா?

கடலூரிலிருந்து ஒரு சகோதரி விரிவாக எழுதியிருக்கிறார். வயது 37. கணவர் 2021-இல் காலமாகிவிட்டார். சிப்காட் தொழிற்சாலை ஒன்றின் பேக்கிங் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. மாதச் சம்பளம் 15,000 ரூபாய், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கைக்கு வருவது 13,000 சொச்சம். 13 வயதில் மகன், 9 வயதில் மகள், முழங்கால் வலியால் படியேற முடியாத மாமியார். பெண்ணையாற்றை ஒட்டிய பகுதியில் 5,500 ரூபாய் வாடகை, 45,000 ரூபாய் அட்வான்ஸ். எழுத்தில் எதுவும் இல்லை. 2024 டிசம்பர் வெள்ளத்தில் பீரோவின் கீழ்த்தட்டு முங்கி, வாரிசுச் சான்றும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகளும் ஊறிப்போய்விட்டன. இப்போது வீட்டுக்காரர், “இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுங்க, சுவரெல்லாம் கெட்டுப்போச்சு, அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவேன்” என்கிறார்.

அவர் முன்னால் மூன்று வழிகள் வந்து நிற்கின்றன. ஒருவர், “குடிசை மாற்று வாரிய வீடு மாசம் ஐநூறு ரூபா வாடகைக்கு வாங்கித் தர்றேன், டோக்கன் நாற்பதாயிரம்” என்று சொல்லி, அதில் 10,000 ரூபாயை வாங்கிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர், தமக்கு ஒதுக்கப்பட்ட வாரிய வீட்டையே 1,50,000 ரூபாய் போகியத்துக்கு, அதாவது மொத்தப் பணத்தை வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் குடியிருக்க, தருவதாகச் சொல்கிறார். மூன்றாவது, திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் ஓர் அறக்கட்டளை கட்டிவிட்டிருக்கும் வரிசை வீடுகளில் ஒன்று. வாடகை 2,200, முன்பணமாக ‘நன்கொடை’ 25,000.

இதற்கிடையே பண்ருட்டிப் பக்கத்தில் இருக்கும் கொழுந்தனார், “அப்பா வீட்டுல உனக்குப் பங்கு இருக்கிறவரைக்கும் வாரியத்துல வீடு தரமாட்டாங்க. விடுதலை எழுதிக் குடுத்துடு, ஐம்பதாயிரம் தர்றேன்” என்கிறாராம். “எழுதிக் கொடுத்துவிடலாமா? எந்த வீட்டுக்கு விண்ணப்பிப்பது? புதுச்சேரியில் இருக்கும் தங்கை அங்கே வந்துவிடச் சொல்கிறாள், போகலாமா?” என்று கேட்கிறார்.

சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் அவசரமானது முதல் கேள்விதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். சொத்தில் உள்ள பங்கை விட்டுக்கொடுக்கும் அந்த விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு விண்ணப்பிக்க அது தேவையே இல்லை. அதோடு, அந்தச் சொத்தில் உங்கள் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கிறது.

மாமனாரின் ஓட்டு வீட்டில் யாருக்கு என்ன பங்கு

மாமனார் தம் சம்பாத்தியத்தில் வாங்கிய மனை, 2014-இல் உயில் எழுதாமல் இறந்தார், பட்டா இன்னும் அவர் பெயரில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கணக்கு எளிது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொத்து மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என நால்வருக்கும் சமமாகக் கால் கால் பங்கு. உங்கள் கணவருக்குச் சேர்ந்த அந்தக் கால் பங்கு, அவர் இறந்ததும் நான்காகப் பிரிகிறது. உங்களுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, அவருடைய தாயாருக்கு, அதாவது உங்கள் மாமியாருக்கு, ஒன்று. ஆக மொத்தச் சொத்தில் உங்கள் பங்கு ஒரு வீசம், பதினாறில் ஒன்று. பிள்ளைகளுக்கும் தலைக்கு ஒரு வீசம். மூவருக்கும் சேர்த்து மூன்று வீசம்.

இதில் உங்கள் வீசத்தை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம், உங்கள் விருப்பம். பிள்ளைகளின் இரண்டு வீசத்தை விட்டுக்கொடுக்க உங்களுக்கே அதிகாரம் இல்லை. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956-இன் 8-ஆம் பிரிவின்படி, மைனரின் அசையாச் சொத்தைத் தாயே ஆனாலும் நீதிமன்ற அனுமதி பெறாமல் விற்கவோ எழுதிக் கொடுக்கவோ கூடாது. அனுமதியின்றி எழுதினால், பிள்ளை 18 வயது நிரம்பிய மூன்று ஆண்டுகளுக்குள் அதை எதிர்த்து வழக்குப் போடலாம். கொழுந்தனாருக்கும் அது நல்லதல்ல என்பதை அவரிடம் சொல்லுங்கள். சண்டையாகச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு அந்த வீடு உண்மையிலேயே வேண்டுமென்றால், மனையின் இன்றைய மதிப்பைப் பார்த்து, மைனர் பங்குக்கு முறைப்படி நீதிமன்ற அனுமதி வாங்கி, பிள்ளைகளின் பணத்தை அவர்கள் பெயரில் வைப்புநிதியாகப் போட்டு முடிப்பதுதான் நேர்வழி.

இப்போது அவர் சொன்ன காரணத்துக்கு வருவோம். வாரிய வீடுகளுக்கு மத்திய அரசுப் பணம் வரும் பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில் கேட்கப்படுவது, “உங்கள் குடும்பத்தில் யார் பெயரிலாவது இந்தியாவில் எங்காவது நிரந்தர வீடு இருக்கிறதா” என்பதுதான். இங்கே குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். மாமியார் உங்களோடு ஒரே அடுப்பில் சாப்பிட்டாலும் இந்தக் கணக்கில் வரமாட்டார். அவருடைய பங்கு உங்கள் தகுதியைத் தொடாது. நிரந்தர வீடு என்றால் மழை, வெயில் எல்லாவற்றுக்கும் தாங்கும் வீடு. நீங்கள் சொல்லும் வீடு மண்சுவரும் நாட்டு ஓடும். தானே புயலில் பாதிக்கூரை போய், அந்தப் பக்கம் இன்றுவரை தார்ப்பாய்தான் கிடக்கிறது. அதில் பிரிக்கப்படாத ஒரு வீசம் இருப்பதை வைத்து உங்களை வீட்டுக்காரி என்று சொல்வது கடினம்.

ஆனால் மறைக்காதீர்கள். “சொந்த வீடு இல்லை” என்று உறுதிமொழி கொடுக்கும் இடத்தில், மாமனார் பெயரில் பழுதான ஓட்டு வீடு இருக்கிறது, பாகம் பிரிக்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். வீட்டை நான்கு பக்கமும் படம் எடுத்து, அந்தக் கிராம நிர்வாக அலுவலரிடம் வீட்டின் நிலை பற்றிக் கையெழுத்து வாங்கி இணையுங்கள். பிற்பாடு யாராவது மொட்டைக் கடிதம் போட்டாலும், நீங்கள் முன்பே சொன்னது என்று காட்ட அந்தத் தாள் போதும். ஒதுக்கீடு ரத்தாவது பெரும்பாலும் இப்படி மறைத்ததால்தான்.

இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கடந்த 20 ஆண்டுகளில் அரசு வீட்டுத் திட்டம் எதிலும் பயன்பெற்றிருக்கக் கூடாது என்பது பிரதமரின் அந்தத் திட்டத்தில் 2024-இல் வந்த இரண்டாம் கட்டத்தின் விதி. தானே புயலுக்குப் பிறகு அரசு உதவியில் வீடு பெற்றவர்கள் உங்கள் மாவட்டத்தில் நிறையப் பேர். உங்கள் கணவர் பெயரில் அப்படி ஏதாவது வாங்கப்பட்டதா என்று மாமியாரிடம் கேளுங்கள்.

‘ஐநூறு ரூபாய் வாடகை’ என்பது

பழைய குடிசை மாற்று வாரியம்தான் 2021 முதல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். அதன் வீடுகளை எல்லோரும் ‘வாடகை வீடு’ என்றே பேசுகிறோம். உண்மையில் இப்போது கட்டப்படும் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் வாடகைக்கு அல்ல. மத்திய அரசு வீட்டுக்கு ஒன்றரை லட்சம் தருகிறது, மாநில அரசு ஒரு பங்கு போடுகிறது, மீதியைப் பயனாளி பங்களிப்பாகக் கட்ட வேண்டும். அந்தத் தொகை திட்டத்துக்குத் திட்டம் மாறும். சில இடங்களில் லட்சங்களில் போகும். முழுவதும் கட்டி முடித்த பிறகே கிரயப் பத்திரம். அதுவரை கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை மட்டும். மாதாமாதம் கட்டச் சொல்வது பராமரிப்புத் தொகை. தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு, கழிவுநீர் என்று குடியிருப்போர் சங்கம் செய்யும் செலவு அது. ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்று வாரியமே இதற்குத் திட்டம் வைத்திருக்கிறது. அதைத்தான் அந்த ஆள் வாடகை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்.

டோக்கன் என்று வாரியத்தில் எதுவும் கிடையாது. பங்களிப்புத் தொகை, பெயர் தேர்வான பிறகு, வாரியம் கடிதம் கொடுத்த பிறகு, வாரியத்தின் பெயருக்கு மட்டும் கட்டுவது. உடனே ரசீது வரும். நீங்கள் கொடுத்த 10,000 அந்தத் தனிமனிதரின் கைபேசி எண்ணுக்கு ஜிபேயில் போயிருக்கிறது. அந்தப் பரிவர்த்தனைத் திரையையும் வாட்ஸ்அப் பேச்சையும் படமெடுத்து வேறொரு கைபேசிக்கும் அனுப்பி வையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு செய்தி எழுத்தில் அனுப்புங்கள். பத்து நாளில் வரவில்லையென்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு, மோசடி. மீதி முப்பதாயிரத்தைக் கொடுத்தால் வேலை முடிந்துவிடுமோ என்ற எண்ணம் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் தெரிகிறது. முடியாது. தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

போகியத்தில் போகும் ஒன்றரை லட்சம்

கடலூரிலும் புதுச்சேரியிலும் போகியம் பழகிய ஏற்பாடு. சொந்த வீட்டுக்காரரிடம், பதிவு செய்து போட்டால் அதில் தப்பில்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இப்படிப்பட்ட அடமானம் பதிவு செய்யப்பட்டாக வேண்டும். இங்கே கொடுக்க வருபவருக்கு வீட்டின் மேல் கிரயப் பத்திரமே இல்லை, ஒதுக்கீட்டு ஆணைதான். சார்பதிவாளரிடம் போக முடியாது. அதனால்தான் “முத்திரைத்தாளில் எழுதிக்கலாம்” என்கிறார். அந்தத் தாளின் நகலை அனுப்பியிருந்தீர்கள். மனையின் சர்வே எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. சாட்சி இருவரில் ஒருவர் அவருடைய மகன்.

ஒதுக்கீடு பெற்றவர் வீட்டை உள்வாடகைக்கோ போகியத்துக்கோ விடக் கூடாது என்பது ஒதுக்கீட்டு நிபந்தனை. வாரிய ஊழியர் சரிபார்க்க வந்து, ஆதாரில் இருப்பவர் உள்ளே இல்லை என்று கண்டால் ஒதுக்கீடு ரத்தாகும். அப்போது நீங்கள் சட்டத்தின் கண்ணில் அனுமதியின்றிக் குடியிருப்பவர். தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் வெளியேற்றச் சட்டம், 1975-இன்படி வெளியேற்றலாம். பணத்துக்கு அவர்மேல் தனியாக வழக்குப் போட வேண்டும். அதற்கும் மூன்று ஆண்டுதான் காலவரம்பு. இதற்காக மகளிர் குழுவிலும் மைக்ரோ ஃபைனான்ஸிலும் கடன் வாங்கலாம் என்று யோசிக்கிறீர்கள். குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து போகக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்களுக்கு அந்த எல்லை 7,500. ஆனால் கையில் வரும் பதிமூன்றாயிரத்தில் 7,500 போனால் நான்கு பேர் சாப்பாட்டுக்கு 5,500 மிஞ்சும். இந்த வழி வேண்டாம்.

அறக்கட்டளை வீடு

உங்கள் முன்னால் இருக்கும் வழிகளில் லாபநோக்கில்லாத உண்மையான வாடகை வீடு இது ஒன்றுதான். மாதம் 3,300 ரூபாய் மிச்சம். தரைத்தளம் என்பதால் மாமியாருக்குப் படி இல்லை. அங்கே வாடகைக்கு இருப்பதால் வாரியத்தில் உங்கள் தகுதி குறையாது. வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரர் ஆகமாட்டார். இதை எடுக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் சில விஷயங்களை முதலில் எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் ‘தருமத்துக்கு விடுகிற வீடு, நம்மைக் கைவிட மாட்டார்கள்’ என்று நீங்கள் நினைப்பதுபோலச் சட்டம் நினைப்பதில்லை.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டம் (2017-ஆம் ஆண்டுச் சட்டம்) எல்லாக் கட்டடங்களுக்கும் பொருந்தாது. அரசு, உள்ளாட்சி, வாரியம் ஆகியவற்றின் கட்டடங்கள் அதற்கு வெளியே. வேலைக்குத் தந்த குவார்ட்டர்ஸ் வெளியே. வக்ஃபு சொத்துகளும், அரசு அறிவிக்கை செய்த மத, தர்ம நிறுவனங்களின் கட்டடங்களும் வெளியே. மலிவு வாடகை கிடைக்கும் இடங்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் வருகின்றன. உங்கள் அறக்கட்டளை இதில் வருகிறதா என்று அவர்களிடமே நேரில் கேளுங்கள். வருகிறது என்றால் என்ன ஆகும்? ஒப்பந்தத்தில் வேறு எதுவும் எழுதாதபோது, சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி மாத வாடகைக்காரருக்கு 15 நாள் நோட்டீஸ் போதும். பள்ளி நடுவில் இரண்டு வாரத்தில் பிள்ளைகளோடு எங்கே போவீர்கள்? ‘வேறு எதுவும் எழுதாதபோது’ என்ற சொற்கள்தான் உங்களுக்குக் கதவு. ஆகவே எழுதி வாங்குங்கள்:

— இரு தரப்பிலும் மூன்று மாத நோட்டீஸ். நிறுவனம் காலி செய்யச் சொல்வதானால் கல்வியாண்டு முடிவில்.

— வாடகை எப்போது, எவ்வளவு உயரும். மத்திய அரசின் 2020 மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 8 சதவீதம், ஐந்தாண்டில் மொத்தம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. அது இந்த வீட்டைக் கட்டுப்படுத்தாது. பேச்சுக்கு நல்ல அளவுகோல்.

— அந்த 25,000 எதற்கு. நன்கொடை ரசீது போட்டால் திரும்ப வராது. ‘திருப்பித் தரத்தக்க வைப்புத்தொகை’ என்று ரசீது கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள். பதினொரு மாத வாடகைக்கு மேல் வரும் தொகையைத் திரும்பாத பணமாக விடுவது உங்கள் நிலைமைக்கு மிக அதிகம்.

— கையெழுத்துப் போடுபவர் யார். கணக்குப்பிள்ளை கையெழுத்து போதாது. அறங்காவலர்களின் தீர்மானப்படி அதிகாரம் பெற்றவர் போட வேண்டும். அறங்காவலர்களுக்குள் வழக்கு நடக்கிறதா என்பதைப் பக்கத்து வரிசை வீட்டுக்காரர்களிடம் விசாரியுங்கள். இரண்டு தரப்பும் வாடகை கேட்டு வந்த இடங்கள் உண்டு.

அறக்கட்டளை சட்ட விலக்கில் வரவில்லையென்றால் இன்னும் நல்லது. அப்போது எழுத்து ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ளலாம். “பதினோரு மாசம்தானே, பதிவு எதுக்கு” என்பார்கள். இந்தச் சட்டத்தில் எத்தனை மாதமானாலும் எழுத வேண்டும், பதிய வேண்டும். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்திலேயே செய்யலாம். பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், பாத்திரம் தேய்க்கும் இடம், கழிப்பறை பொதுவா தனியா, மின்மீட்டர் தனியா என்பதையும் ஒருமுறை மழை நாளில் போய்ப் பாருங்கள். ஆற்றங்கரையிலிருந்து தப்பி இன்னொரு பள்ளத்துக்குப் போய்விடக் கூடாது.

இப்போதைய வீட்டுக்காரர்

ஒப்பந்தம் இல்லாததால் உங்களை அசைக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நேர்மாறு. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதே இந்தச் சட்டத்தில் வெளியேற்றக் கேட்க ஒரு காரணம். ஆனாலும் அவராகப் பூட்டுப் போட முடியாது. வாடகை நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர் அவர். இந்த மாதக் கடைசிக்குள் ஓட வேண்டியதில்லை. அதேசமயம் வழக்காடி அங்கேயே இருக்கவும் நான் சொல்லமாட்டேன். வெள்ளம் வரும் வீடு அது. புதிய வீட்டுச் சாவி கைக்கு வரும் தேதியைச் சொல்லி ஒன்றரை மாதம் அவகாசம் கேளுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைதான் சட்டம் சொல்லும் வைப்புத்தொகை. உங்களுக்கு அது 16,500. அவர் வாங்கியிருப்பது 45,000. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கி ஏதாவது இருந்தால் மட்டும் கழித்து, திருப்பித் தர வேண்டும். ஆற்று வெள்ளம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்ந்தது உங்கள் பாக்கி அல்ல. சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும், சுவரில் இன்னும் இருக்கும் அந்த வண்டல் கோட்டையும் சேர்த்து, வீடியோ எடுத்துவிடுங்கள். கடைசி மின்கட்டண ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாரியத்துக்கு முறையாக விண்ணப்பிக்க

அறக்கட்டளை வீட்டில் இருந்துகொண்டே இதைச் செய்யலாம். ஆண்டு வருமானம் 1,80,000. மூன்று லட்சம் வரையுள்ளவர்கள் நலிவுற்ற பிரிவு. கணவரை இழந்த பெண்களுக்கு இரண்டாம் கட்டத் திட்டத்தில் முன்னுரிமை இருக்கிறது. கையில் வரும் தொகையை அல்ல, பிடித்தத்துக்கு முந்தைய சம்பளத்தை எழுதுங்கள். சம்பளச் சீட்டும் வருமானச் சான்றும் ஒத்துப்போக வேண்டும். வருமானச் சான்று இ-சேவை மையத்தில் 60 ரூபாய், ஓராண்டுதான் செல்லும். அதனால் கடைசியாக எடுங்கள்.

பெரும்பாலான விண்ணப்பங்கள் தகுதியால் அல்ல, பெயரால் நிற்கின்றன. உங்கள் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவராக இன்னும் கணவர் பெயர்தான் இருக்கிறது. ஆதாரில் பண்ருட்டிப் பக்கத்து முகவரி. வங்கிப் புத்தகத்தில் தந்தையின் முதலெழுத்து. முதலில் இறப்புச் சான்றைக் காட்டி ரேஷன் கார்டை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், பிறகு ஆதார் முகவரி, அதன் பிறகு வங்கி. இந்த வரிசையில் போனால் ஒன்று அடுத்ததற்குச் சான்றாகும். ஊறிப்போன வாரிசுச் சான்று இணையவழியில் வாங்கியது என்பதால், அதன் எண் தெரிந்தால் இ-சேவையில் மறுபடி அச்செடுக்கலாம். பிறப்புச் சான்றுகளைப் பதிவான அலுவலகத்தில் கேளுங்கள். புதியவை வந்ததும் பிளாஸ்டிக் உறையில், பீரோவின் மேல்தட்டில்.

விண்ணப்பத்தை உங்கள் மாவட்டத்துக்குரிய வாரியக் கோட்டத்தின் நிர்வாகப் பொறியாளர் அலுவலகத்தில் கொடுங்கள். அதே மனுவின் நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் கொடுத்து, மனு எண்ணை வாங்கி வாருங்கள். பயனாளிப் பட்டியலில் ஆட்சியருக்குப் பங்கு உண்டு என்பதால் இது வெறும் சடங்கு அல்ல. நீர்நிலைக் கரைகளிலிருந்து அகற்றப்படுகிறவர்களுக்கே முதலில் வீடு போகும். மிச்சம் இருப்பதுதான் பொது விண்ணப்பதாரருக்கு. நீங்கள் ஆற்றங்கரையில் இருப்பதையும், 2024-இல் வெள்ளம் புகுந்ததையும், நிவாரணம் பெற்ற விவரத்தையும் மனுவில் எழுதுங்கள். தரைத்தளம் வேண்டும் என்று மாமியாரின் மருத்துவச் சான்றையும் வையுங்கள். ஆறு மாதம் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள்: ஒதுக்கப்படாமல் இருக்கும் வீடுகள் எத்தனை, என் மனு எந்த நிலையில். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

இரண்டாம் கட்டத் திட்டத்தில் ‘மலிவு வாடகை வீடு’ என்று தனிப் பிரிவே இருக்கிறது. தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள், வேலைக்குப் போகும் பெண்கள் அதில் வருவார்கள். கடலூர்ச் சிப்காட்டை ஒட்டி அப்படி ஒன்று வந்தால் அதற்கும் என்னைக் கருதுங்கள் என்று மனுவில் ஒரு பத்தி சேர்ப்பதால் நட்டமில்லை.

ஒதுக்கீடு வந்தால் இடத்தைப் பார்த்துவிட்டே சம்மதம் சொல்லுங்கள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் புறநகரிலிருந்து சிப்காட்டுக்கு முதல் ஷிப்டுக்கு நகரப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பாருங்கள். வெளியூர்ப் பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ தினமும் போக நேர்ந்தால் மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு அதற்கே போய்விடும்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி பற்றியும் கேட்டிருந்தீர்கள். மத்திய அரசின் சகி நிவாஸ் விடுதிகளில் தாயோடு பெண்பிள்ளை 18 வயது வரையும் ஆண்பிள்ளை 12 வயது வரையும் இருக்கலாம். மகனுக்கு 13, மாமியாருக்கும் இடமில்லை. உங்களுக்குப் பொருந்தாது.

புதுச்சேரிக்கு இப்போது போக வேண்டாம். அங்கே வீட்டுத் திட்டங்களுக்கு அந்த யூனியன் பிரதேசத்துக் குடியிருப்பும் ரேஷன் கார்டும் கேட்பார்கள். இரண்டு பக்கமும் கார்டு வைத்திருந்தால் இரண்டும் போகும். வாடகைச் சட்டமும் வேறு, 1969-ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் சட்டம் சொல்லும் காரணங்களுக்காக மட்டுமே, வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி வழியாகவே வெளியேற்ற முடியும் என்பது வாடகைக்காரருக்கு அங்கே உள்ள அனுகூலம். ஆனால் வேலை சிப்காட்டில், பி.எஃப். கணக்கு இங்கே, பிள்ளைகள் படிப்பு இங்கே, முன்னுரிமை கோரக்கூடிய மனுவும் இங்கே.

கடைசியாக, தனியாக எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், வழக்கறிஞர் இலவசம். கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் பேசலாம். போகும்போது மூன்று தாள்களை மட்டும் எடுத்துப் போங்கள்: பத்தாயிரம் அனுப்பிய ஜிபே படம், அறக்கட்டளை தரும் ஒப்பந்த வரைவு, கொழுந்தனார் எழுதி வைத்திருக்கும் விடுதலைப் பத்திரம். மூன்றாவதில் கையெழுத்து இடம் வெற்றிடமாகவே இருக்கட்டும்.